டீசல் வண்டிக்கு எத்தனை வருஷம்?

1

நாங்கள் அமெரிக்காவுக்கு வந்து ஏழு வருஷம் முடிந்த அன்றைக்குப் பார்த்து என் வேன் ரோட்டில் படுத்துவிட்டது. ஜூலை மாதத்து வெயில். வேனுக்குள் இரண்டு புல்வெட்டும் மிஷின், ஒரு மண்வெட்டி, நான். வேனைப் பட்டறைக்கு அனுப்பிப் பார்த்ததில் கியர்பாக்ஸ் போய்விட்டதாம். சரி செய்கிற செலவுக்கு வேறு வண்டியே வாங்கிவிடலாம் என்று மெக்கானிக் சொன்னான். ஊரில் இப்படி ஒரு மெக்கானிக் சொன்னால் அவன் பட்டறைப் பக்கமே யாரும் போகமாட்டார்கள். இங்கே கைகுலுக்கி நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

ஊரிலிருந்து படிப்பவர்கள் சிரிக்கக்கூடும். ஆமாம், டெக்சஸ் மாநிலத்தில் ஒரு சின்ன ஊரில் நான் புல்தான் வெட்டுகிறேன். நம்மூரில் மாடு சும்மா செய்கிற வேலையை இங்கே மிஷின் வைத்து நான் செய்கிறேன். கேட்டால் செடியும் வைத்துக் கொடுப்பேன். என் மனைவி ஜெயா விருதுநகரில் ஆஸ்பத்திரி நர்சாக இருந்தவள். அவள் பரீட்சை எழுதினாள், அவளுக்கு வேலை கிடைத்தது, அவளுக்கு விசா வந்தது. நானும் மகள் மலரும் அவளோடு வந்த லக்கேஜ். அப்போது மலருக்கு எட்டு வயது.

அதற்கு முன்னால் சிவகாசிப் பக்கம் பட்டாசுக் கம்பெனிக்கு ஆள் ஏற்றுகிற வேன் ஓட்டினேன். நானும் மாடசாமியும் கூட்டாக வைத்திருந்த வண்டி. விடியற்காலையில் ஊர் ஊராகப் போய்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பெனியில் கொண்டுபோய் இறக்க வேண்டும். சாயங்காலம் அதே ஊர்களில் கொண்டுபோய் விட வேண்டும். நான் கிளம்பும்போது மாடசாமியிடம் சொன்னது ஒரே வார்த்தை: "ரெண்டு வருஷம் மாப்ள. வந்துருவேன்."

அந்த ரெண்டு வருஷத்தை ஏழு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பொய் என்று நினைத்துச் சொன்னதில்லை. ஒவ்வொரு தடவையும் நிஜமாகவே ரெண்டு வருஷம்தான் என்று தோன்றும்.

அன்றைக்கு ஜெயா கேசரி கிண்டி வைத்திருந்தாள். வருஷா வருஷம் வந்த நாளுக்குக் கேசரி கிண்டுவாள். எதைக் கொண்டாடுகிறோம் என்று அவளும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. ஒரு வாய் வைத்ததும் மாடசாமியின் மிஸ்டு கால் வந்தது. எனக்குச் சாயங்காலம் ஏழு மணி என்றால் அவனுக்கு விடிகாலை ஐந்தரை. வண்டியை எடுப்பதற்கு முன்னால் அவனுக்குக் கிடைக்கிற பத்து நிமிஷம் அது. போன் கார்டைச் சுரண்டி நம்பரைப் போட்டுத் திருப்பி அழைத்தேன்.

"மாப்ள, ஒரு முக்கியமான சேதிலே. கம்பெனியில புதுசா ஒரு ஷெட்டு போடுறாக. இன்னொரு வேன் விடச் சொல்றாக. ஆர்டர் நமக்குத்தான். ஆனா நான் ஒருத்தன் ரெண்டு வண்டி ஓட்ட முடியுமா? இருவது பொம்பளயாளுகளக் கண்டவன் கையில குடுத்து அனுப்ப எனக்கு மனசில்ல. நீ வந்தா ரெண்டாவது வண்டியப் போடுவோம். ஆடி முடியறதுக்குள்ள மொதலாளிக்குச் சொல்லணும். வாரியா, இல்லையா?"

"என் வேன் இன்னைக்குப் படுத்துருச்சு மாப்ள" என்றேன். கேட்டது ஒன்று, சொன்னது ஒன்று.

2

இந்த நாட்டில் நான் முதலில் மறக்க வேண்டியிருந்த சொல் பெட்ரோல். இங்கே அது கேசலீன். அதையும் வாய் வலிக்கும் என்று சுருக்கி கேஸ் என்கிறார்கள். பங்கின் பெயர் கேஸ் ஸ்டேஷன். வந்த புதிதில், தண்ணி மாதிரி ஊற்றுகிறதைக் கேஸ் என்கிறார்களே, இவர்களுக்கு என்ன ஆயிற்று என்று நினைத்தேன். இப்போது என் வாயிலும் அதுதான் வருகிறது. எப்போது மாறியது என்று தெரியவில்லை.

அடுத்த வாரம் மாடசாமியிடம் அதே சொல் தப்பி வந்துவிட்டது.

"பிக்கப் வண்டி ஒண்ணு பாக்கப் போறேன் மாப்ள. நம்ம ஊரு குட்டியானை லோடு வண்டி மாதிரி பின்னாடி தொட்டி இருக்கும், ஆனா பெருசு. டீசலா கேஸான்னுதான் யோசன."

அவன் பதறிப்போனான்.

"ஏலே, கேஸ் வண்டியா? சமையல் சிலிண்டர வச்சு ஓட்டுவாங்களே, அந்த வண்டியா? பட்டாசு ஊர்ல பொறந்துட்டு ஒனக்குப் புத்தி இப்படியா போகணும்? வீட்ல பொம்பளப்புள்ள இருக்குலே. தங்கச்சிகிட்டப் போனக் குடு, நான் பேசுறேன்."

பெட்ரோலைத்தான் இங்கே கேஸ் என்பார்கள் என்று விளக்குவதற்குள் கார்டில் பாதி போய்விட்டது. விளக்கிய பிறகும் அவன் சமாதானமாகவில்லை.

"பெட்ரோலா இருந்தா மட்டும்? அதுல ப்ளக்கு இருக்குல்ல. ப்ளக்குன்னா பொறி. ஒங்கப்பா என்ன சொல்வாரு?"

என் அப்பா கருப்பசாமியும் டிரைவர்தான். கடைசிவரை அடுத்தவர் வண்டி ஓட்டியவர். பெட்ரோல் வண்டியின் ஸ்டியரிங்கைத் தொடமாட்டார். "பெட்ரோலு பொறியில ஓடுது, டீசலு அமுக்கத்துல ஓடுது. பொறி இருக்குற எடத்துல நமக்கு என்ன சோலி" என்பார். கம்பெனி வாசலுக்கு நூறடி தள்ளித்தான் எந்த வண்டியும் நிற்கும், டீசலோ பெட்ரோலோ. தீப்பெட்டி, பீடி, போன் எல்லாம் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். வண்டியில் பொறி இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? இருந்தாலும் எங்கள் பக்கத்து வேன் டிரைவர்கள் எல்லாருக்கும் அது ஒரு சாஸ்திரம். பொறி என்ற சொல்லையே வண்டிக்குள் சொல்லமாட்டோம். பொரிகடலை வாங்கினால்கூடக் கடலை என்றுதான் சொல்வோம்.

"சாஸ்திரத்த விடு" என்றான் மாடசாமி. "கணக்குக்கு வா. எம்புட்டு வருஷம் வச்சிருக்கப் போற? நாம வேன் எடுக்கைல என்ன பேசுனோம்? வாங்கையில டீசல் வண்டிக்கு வெல கூட, ஆனா ஊத்துற டீசல் மலிவு, மைலேஜும் கூட. வருஷக்கணக்கா ஓட்டுனாத்தான் போட்ட காசு பிடிபடும். நாலஞ்சு வருஷத்துல வித்துட்டுப் போறவனுக்கு டீசல் ஆகாது. இருந்து ஓட்டுறவனுக்குத்தான் டீசல்."

"இங்க பங்குல ஊத்துற டீசலும் வெல கூட மாப்ள. பெட்ரோல் மலிவு."

"என்னலே தலைகீழா இருக்கு ஒங்க நாடு!" என்றான். "அப்ப இன்னும் கூடுதலா வருஷம் ஓட்டணும். நீதான் வந்துருவியே. பெட்ரோலே எடு. ரெண்டு வருஷம் ஓட்டிட்டு வித்துட்டு வா."



3

ஜெயாவுக்கு லீவு கிடைத்த சனிக்கிழமை மூன்று பேரும் பழைய வண்டி விற்கிற இடத்துக்குப் போனோம். விற்பவர் பெயர் ராய். தொப்பி வைத்த பெரியவர், வெயிலில் வெந்து சிவந்த முகம். முதல் கேள்வியிலேயே என் மானத்தை நானே வாங்கிக்கொண்டேன். நம்மூரில் வண்டி பார்க்கப் போனால் என்ன கேட்போம்? பிக்கப் எப்படி என்று கேட்போம், மிதித்தால் வண்டி எப்படிப் பாய்கிறது என்பதுதான் நமக்குப் பிக்கப். நான் ஒரு வண்டியைக் காட்டி, "இதற்குப் பிக்கப் நன்றாக இருக்குமா?" என்று கேட்டேன்.

ராய் வண்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஐயா, இதுவே பிக்கப்தான்" என்றார்.

"தெரியும். பிக்கப்புக்குப் பிக்கப் உண்டா?"

மலர் "அப்பா, ப்ளீஸ்" என்று முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு அவரிடம் மூக்கால் பேசுகிற ஒரு பாஷையில் என்னவோ சொன்னாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்கும் என் மகளுக்கும் நடுவில் அந்தப் பெரியவர் நிற்பது போல் இல்லை. அவர்கள் இருவரும் ஒரு பக்கமும் நான் மறுபக்கமும் நிற்பது போல் இருந்தது. ஊரில் இருந்திருந்தால் இவளும் என்னைப் போல "பிக்கப் எப்படி?" என்றுதானே கேட்டிருப்பாள் என்று வயிற்றெரிச்சலாக இருந்தது. அற்ப வயிற்றெரிச்சல்தான்.

ராய் இரண்டு வண்டிகளைக் காட்டினார். ஒன்று கேஸ், வெள்ளை. ஒன்று டீசல், கறுப்பு. டீசல் வண்டி சில வருஷம் பழையது, ஓட்டம் அதிகம், ஆனாலும் விலை கூடுதல். பெரிய டிரெய்லர் இழுக்கிறவர்கள், மாடு ஏற்றுகிறவர்கள்தான் டீசல் எடுப்பார்களாம். "நீங்கள் என்ன இழுப்பீர்கள்?" என்றார். "புல்" என்றேன். அப்புறம் அவர் கேட்டார்: "வண்டியை எத்தனை வருஷம் வைத்துக்கொள்வதாக உத்தேசம்?"

"ரெண்டு வருஷம்." யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொன்னது.

ஜெயா குனிந்து டயரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

மலர் ராயிடம் விலையும் மைலேஜும் கேட்டு, போனில் கணக்குப் போட்டாள். "அப்பா, டீசல் எடுத்தா எட்டு வருஷம் ஓட்டணும். அப்போதான் அந்த எக்ஸ்ட்ரா திரும்ப வரும். எட்டுக்கு மேலயே ஆகலாம். நம்ம டூ இயர்ஸ்தானே? சோ, கேஸ்."

கணக்கு சரிதான். வெள்ளை வண்டியை எடுத்துக்கொள்கிறோம், திங்கட்கிழமை வருகிறேன் என்று ராயிடம் சொல்லிவிட்டு ஜெயாவின் காரில் திரும்பினோம். பாதி வழியில் பின்சீட்டிலிருந்து மலர் சொன்னாள்:

"அப்பா, நீங்க போனா நான் வரமாட்டேன், தெரியும்ல? எனக்கு காலேஜ் வந்துரும். நீங்க போங்க, நான் ஓக்கே."

வருத்தப்பட்டுச் சொல்லவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை. கடைக்குப் போகும்போது நான் வரவில்லை என்று சொல்வாளே, அந்த மாதிரிச் சொன்னாள். சொல்லிவிட்டுக் காதில் பாட்டை மாட்டிக்கொண்டாள்.

நான் ஜெயாவைப் பார்த்தேன். அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"ஒண்ணு கேக்கேன், கோவப்படாதீக. ஊருக்குப் போகணும்னா போவோம். நாளைக்கே வேலைக்கு நோட்டீஸ் குடுக்கேன். இல்ல, இருக்கணும்னா இருப்போம். ஆனா இந்த ரெண்டு வருஷத்த மட்டும் இனிமே சொல்லாதீக. ஏழு வருஷமா நான் ஒரு நல்ல பாத்திரம் வாங்கல, தெரியுமா? ஒரு செடி வைக்கல. எதுக்கு, ரெண்டு வருஷத்துல போயிருவோமேன்னு. நீங்க ஊரெல்லாம் செடி வச்சுக் குடுக்கீக. நம்ம வாசல்ல ஒண்ணு இல்ல."

ஏசியைக் கூட்டி வைத்தேன்.

4

திங்கட்கிழமை தனியாகத்தான் போனேன். ராய் வெள்ளை வண்டியின் சாவியை எடுத்துவர உள்ளே போனார். அந்த நேரத்தில் யாரோ ஒருவர் கறுப்பு வண்டியை ஓட்டிப் பார்ப்பதற்காகக் கிளப்பினார்.

செல்ப் எடுத்து, ஒரு இருமல் இருமி, டகடகவென்று பிடித்தது பாருங்கள். விடிகாலையில் ஒரு கிலோமீட்டர் தள்ளி வரும்போதே பெண்கள் எங்கள் வேனை அந்தச் சத்தத்தில்தான் கண்டுபிடிப்பார்கள். தூக்குவாளியோடு ஓடிவருவார்கள். "அண்ணே, நில்லுங்க, தலைய முடிஞ்சுட்டு வந்துருதேன்" என்று ஒருத்தி கத்துவாள். ஏழு வருஷமாக அந்தச் சத்தம் என் காதில் விழவில்லை. ரோட்டில் பெரிய டிரக்குகள் போகின்றன, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இவ்வளவு பக்கத்தில் நின்று, கையைப் பானெட்டில் வைத்துக் கேட்டதில்லை.

ஓட்டிப் பார்க்க வந்தவருக்கு வண்டி பிடிக்கவில்லை. சத்தம் அதிகமாம். இறங்கிப் போய்விட்டார். ராய் வெள்ளை வண்டியின் சாவியோடு வந்தார்.

"எனக்கு இந்தக் கறுப்பு வண்டி வேண்டும்" என்றேன்.

"உங்கள் மகள் போட்ட கணக்கு?" என்றார்.

என்ன சொல்ல? எங்கள் ஊர்ப் பெண்கள் இந்தச் சத்தத்துக்கு ஓடிவருவார்கள் என்றா சொல்ல முடியும்? வாயில் வந்ததைச் சொன்னேன்: "இதில் பொறி இல்லை."

அவருக்கு விளங்கவில்லை. நான் எங்கிருந்து வருகிறேன், என்ன ஏற்றினேன் என்று உடைந்த இங்கிலீஷில் சொன்னேன். தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "நீங்கள் இப்போது ஏற்றப்போவது புல்தானே ஐயா?" என்றார். ஆனாலும் விற்கத்தானே உட்கார்ந்திருக்கிறார், பேப்பரை எடுத்தார்.

பேப்பரில் வழக்கமான வம்பு. இந்த நாட்டுக்குக் குடும்பப் பெயர் வேண்டும். எனக்கு ஏது? விசாவுக்கு எழுதும்போது அப்பா பெயரைக் குடும்பப் பெயர் என்று போட்டுவிட்டார்கள். ஏழு வருஷமாக ஆஸ்பத்திரியில், பேங்கில், பள்ளிக்கூடத்தில் என்னை "மிஸ்டர் கருப்பசாமி" என்றுதான் கூப்பிடுகிறார்கள். நான் சௌந்தரபாண்டி என்று சொல்லிப் பார்த்து அலுத்துவிட்டேன். இன்சூரன்ஸ்காரி போனில் என் பெயரை எழுத்து எழுத்தாக மூன்று முறை கேட்டாள். மூன்றாவது முறை எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கடைசியில் வண்டி கருப்பசாமி பெயரில் பதிவாகிவிட்டது. செத்துப் பதினோரு வருஷம் கழித்து எங்கப்பாவுக்குச் சொந்த வண்டி. அதுவும் டீசல். சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. கண்ணில் வெயில் என்று சொல்லிக்கொண்டேன்.

வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியபோது சத்தம் கேட்டு ஜெயா வெளியே வந்தாள். கறுப்பு வண்டியைப் பார்த்தாள். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, பின்தொட்டியை எட்டிப் பார்த்தாள்.

"இதுல ஒரு பெரிய ரோசாச் செடி வைக்க எடமிருக்கும்ல?" என்றாள்.

அதற்கும் நான் ஊம் கொட்டினேன். என்ன செய்துவிட்டு வந்திருக்கிறேன் என்று அப்போதும் எனக்கு முழுசாகப் புரியவில்லை. சத்தத்துக்கு மயங்கி வாங்கிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஊர் நினைப்பில் வாங்கியது என்றால் அது ஊருக்குப் போகிற பக்கம்தானே கணக்கு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

5

இரண்டு நாள் கழித்து மாடசாமியின் மிஸ்டு கால் வந்தது. திருப்பி அழைத்தேன். அன்றைக்கு அவன் வண்டியை ஏற்கெனவே எடுத்துவிட்டான், நிறுத்திய வண்டியின் எஞ்சின் பின்னால் ஓடிக்கொண்டிருப்பது கேட்டது. ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி கோயிலுக்கு ட்ரிப் கேட்கிறார்கள், கம்பெனி லீவு விடுமா என்று தெரியவில்லை என்று கொஞ்ச நேரம் ஊர்க்கதை பேசினான்.

"வண்டி எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு மாப்ள."

"பெட்ரோல்தான?"

"இல்ல. டீசல்."

"அப்படிப் போடுறா என் சிங்கக்குட்டி!" என்று கத்தினான். வண்டிக்குள் யாரிடமோ, "நம்ம பாண்டி அமெரிக்காவுல டீசல் வண்டி எடுத்திருக்கான்டே" என்றான். பெண்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

வண்டிச் சத்தம் மட்டும் டகடகவென்று வந்துகொண்டிருந்தது. பிறகு அந்தச் சத்தமும் நின்றது. எஞ்சினை அணைத்துவிட்டான்.

"மாப்ள" என்றான். குரல் இறங்கியிருந்தது. "அங்க டீசல் வெல கூடன்னேல்ல?"

"ஆமா."

"அப்ப எம்புட்டு வருஷம் ஓட்டுனா பிடிபடும்?"

மலர் போட்ட கணக்கு எனக்கு மனப்பாடம். ரெண்டு என்று சொல்லலாம். அவன் நம்புவான். நம்பி, இன்னும் ஒரு வருஷம் முதலாளியிடம் தவணை கேட்டு, ஒற்றை வண்டியில் நாலு ஊரையும் தானே சுற்றுவான். ஏழு வருஷம் அதைத்தானே அவனுக்குச் செய்தேன்!

"எட்டு வருஷம் மாப்ள. மேலயும் ஆகும்."

"ம்."

"நான் வரல மாப்ள."

அந்த வார்த்தையை ஜெயாவிடம்கூட நான் சொல்லியிருக்கவில்லை. சொன்னதும் நெஞ்சு லேசாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை. செய்யக்கூடாத ஒன்றைச் செய்துவிட்டு மாட்டிக்கொண்டவன் மாதிரி நின்றேன்.

அவன் திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

"சரிலே" என்றான். "சாத்தூர்க்காரன் ஒருத்தன் கேட்டுக்கிட்டே இருக்கான். நல்லாத்தான் ஓட்டுறான், குடிக்கமாட்டான். நீ வருவன்னுதான் அவனுக்குப் பிடி குடுக்காம இருந்தேன். இன்னைக்கே வரச் சொல்லிருதேன்."

"மாப்ள..."

"ஒண்ணுமில்லலே. இருக்குற எடத்துல நல்லா இருங்க. தங்கச்சியக் கேட்டதாச் சொல்லு."

பின்னால் ஒரு பெண், "அண்ணே, நேரமாச்சு, கம்பெனி கேட்டச் சாத்திருவாக" என்று குரல் கொடுத்தாள். "வாரேன் தாயி" என்றான். எஞ்சின் மறுபடி கிளம்பியது. போனை வைக்கப் போகிறான் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"டேங்கு வத்துற வரைக்கும் ஓட்டிராத. டீசல் வண்டி, பைப்புல காத்து பிடிச்சு நின்னுரும்" என்றான். "அங்கன ஒனக்குப் பம்பு அடிச்சுக் காத்த எடுத்து விட நான் இல்ல, பாத்துக்க."